திங்கக்கிழமைக்காரி

ஏட்டி, இந்தத் தடவை எந்தத் திங்கக்கிழமை? வர்ற திங்களா, மாசம் பிறந்து வர்ற திங்களா, இல்ல தை பிறக்கட்டும்னு விட்டு வச்சிருக்கியா? பால்காரன்ல இருந்து நம்ம வாச்மேன் வரைக்கும் கேக்கான், உங்க பேத்தி மறுபடி எக்சர்சைஸ் ஆரம்பிக்கப் போறாளாமேன்னு. புது ஷூ வந்தாச்சு. ரப்பர் பட்டை மூணு நிறத்துல வந்தாச்சு. யோகா பாய் வந்து கதவு மூலையில சுருண்டு கிடக்கு. கையில கட்டுத கடிகாரமும் வந்தாச்சு. நடந்தா எண்ணுது, படுத்தா எண்ணுது, மூச்சு விட்டாக்கூட எண்ணுது. இனி வர வேண்டியது நீ ஒருத்திதான்.

கோவிச்சுக்காத தாயி. பேத்தியைக் கிண்டல் பண்ண தாத்தனுக்கு உரிமை உண்டு. நீ மட்டும் என் பல்செட்டை விட்டு வச்சியா என்ன? ஆனா இன்னைக்கு நான் சும்மா வாயைத் திறக்கல. ரிட்டயர் ஆகுத வரைக்கும் முனிசிபல் ஆசுபத்திரியில பிசியோதெரபி அறை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்து டோக்கன் கூப்பிட்டவன் நான். உள்ள போற ஆளோட முகரையைப் பார்த்தே சொல்லிருவேன், இவர் அடுத்த வாரம் வருவார், அவர் வரமாட்டார்னு. முதல் நாளே "எத்தனை தடவை சொன்னாலும் செய்யுதேன் டாக்டர்"னு நெஞ்சை நிமித்துதவன் இருக்கானே, அவன் சீட்டை நான் அன்னைக்கே கட்டி ஓரமா வச்சிருவேன். "இன்னைக்கு முடியலைய்யா, அஞ்சு மட்டும் செஞ்சுட்டுப் போயிருதேன்"னு முனங்கிக்கிட்டே ஒரு கிழவி வருவா. அவ வருசக்கணக்கா வருவா. என்னையவே ரிட்டயர்மென்ட் வரைக்கும் பார்த்துட்டுத்தான் போனா.

நீ முதல் ஜாதி. வீரம் ஜாஸ்தி. அதான் எனக்குப் பயம்.

உனக்கு வந்ததுக்கு டாக்டர் எம்.எஸ்.னு ரெண்டு எழுத்துல பேர் சொல்லிட்டார். முழுப்பேர் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். 1868ல பாரிஸ்ல ஷார்கோன்னு ஒரு வைத்தியர் இதைத் தனி நோயா வகுத்துச் சொன்னாராம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூளையிலயும் தண்டுவடத்துலயும் நரம்புக்கு மேல இருக்கிற மையலின் உறையை அரிச்சிருது. நீ முதல்ல கேட்டப்போ நான் நம்ம பம்பாய் ஹார்பர் ரயில் லைனைக் காட்டினேன், ஞாபகம் இருக்கா? மழையில குர்லா தண்டவாளத்துல தண்ணி ஏறிருச்சுன்னா, கோவண்டி ஸ்டேசன்ல நிக்கிற நமக்கு வண்டி வரும். எப்ப வரும்னுதான் தெரியாது. பாதி வழியில நிக்கும், ஊர்ந்து வரும், சிலது வரவே வராது. உன் மூளை அனுப்புத சேதி காலுக்கு வந்து சேர்றது அப்படித்தான். ஆனா தண்ணி வடிஞ்சா அதே தண்டவாளத்துல அதே வண்டி ஓடுதே, அதையும் பாத்துக்கோ.

இதை ஏன் சொல்லுதேன்னா, போன மாசம் பத்து நிமிசம் நடந்ததும் கண்ணு மங்குது, கால் சவலையா இழுக்குதுன்னு பயந்து நிறுத்தினியே, அந்தச் சங்கதிக்கு வயசு நூத்தி முப்பதைத் தாண்டியாச்சு. 1890ல ஊத்தோஃப்னு ஒரு ஜெர்மன் கண் வைத்தியர், இந்த நோய்க்காரங்களுக்கு ஓடியாடின பிறகு கண்ணு மங்குதுன்னு எழுதி வச்சார். வேலை செஞ்சதாலதான் மங்குதுன்னு அவர் நினைச்சார். பின்னால வந்தவுகதான் கண்டுபிடிச்சாக, குத்தவாளி வேலை இல்ல, சூடு. உடம்புச் சூடு கொஞ்சம் ஏறினாலே உறை கழண்ட நரம்பு தடுமாறும். சூடு இறங்கினா பழைய நிலைக்கு வந்துரும். புதுசா எதுவும் கெட்டுப் போகல. ஸ்கேன் இல்லாத காலத்துல ஆளை வெந்நீர்த் தொட்டியில உக்கார வச்சே இந்த நோயைச் சோதிச்சிருக்காக, கேட்டியா! கண்ணு மங்குனா நோய், மங்கலைன்னா குளிச்ச லாபம்.

குத்தவாளி தெரிஞ்ச பிறகும் பழி மட்டும் உடற்பயிற்சி மேலயே கிடந்துச்சு. ரொம்பக் காலத்துக்கு டாக்டர்மாரே "அலட்டிக்காத, படுத்து ஓய்வெடு"ன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க. உங்க அம்மை இன்னும் அந்தக் காலத்துலயே நிக்கா. நீ நாற்காலியில இருந்து எந்திரிச்சா "எங்கே எந்திரிக்க, என்ன வேணும் சொல்லு, நான் எடுத்தாறேன்"ங்கா. ரெண்டு மாசத்துல உன் காலுக்கு எந்திரிக்கவே மறந்துரும். பாசத்துக்கு வைத்தியம் கிடையாது. அவ கடைக்குப் போற நேரம் பார்த்து நீதான் எந்திரிக்கணும்.

1996ல அமெரிக்காவுல யூட்டாவுல 54 பேரைச் சேர்த்து ஒரு சோதனை பண்ணினாங்களாம். ஒரு பகுதி ஆளுகளுக்கு வாரத்துக்கு மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் 40 நிமிசம், கையாலயும் காலாலயும் மிதிக்கிற சைக்கிள், 15 வாரம். மிச்சப் பேர் சும்மா இருந்தாக. மிதிச்சவுகளுக்கு மூச்சுப் பலம் கூடிச்சு, மனச்சோர்வு குறைஞ்சுது, கோவமும் குறைஞ்சுதுன்னு எழுதியிருக்காம். பிசியோ மேடம் இதைச் சொன்னப்போ, அந்தச் சைக்கிளை உங்க அம்மைக்கும் ஒண்ணு எழுதித் தர முடியுமான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாக.

அதுக்கப்புறம் 2014ல பல ஆய்வுகளை ஒண்ணாத் திரட்டிப் பார்த்திருக்காக. உடற்பயிற்சி செஞ்சவுகள்ல நோய் திரும்பத் தாக்கினது நூத்துக்கு 4.6 பேருக்கு. சும்மா இருந்தவுகள்ல 6.3. உடனே "அப்ப நோயே வராது தாத்தா"ன்னு குதிக்காத. செஞ்சா கெடுதல் இல்லங்கிற மட்டும்தான் இதுல இருந்து எடுத்துக்கணும். மருந்தை டாக்டர் சொன்னபடி போடு. இது மருந்துக்குப் பதில் இல்ல, பக்கத்துணை.

நம்ம சொந்தக்காரங்க ஒருத்தருக்கும் இந்த நோய் பேரே தெரியலைன்னு வருத்தப்பட்ட. எப்படித் தெரியும்? நம்ம ஆளுகள்ல இது குறைவு. மங்களூர்ல கணக்கெடுத்தப்போ லட்சத்துக்கு எட்டுப் பேர்னு வந்துச்சாம். ஆனா பம்பாய் பார்சிக்காரங்ககிட்ட இது இருக்குன்னு 1988லயே இங்கத்த டாக்டர்மார் எண்ணி எழுதியிருக்காங்க. ஆம்பளையை விட பொம்பளைக்குத்தான் ரெண்டு மூணு பங்கு ஜாஸ்தி, அதுவும் இருவதுக்கும் நாப்பதுக்கும் நடுவுல. நீ கணக்கு தப்பாம அதே வயசுல வாங்கி வச்சிருக்க. அதனால திருநெல்வேலியில இருந்து போன் பண்ணி "நரம்புத் தளர்ச்சிதானே, முருங்கைக்கீரை சாப்பிடு"ங்கிற சித்தியை விட்டுரு. கீரையைச் சாப்பிடு, வைத்தியத்தை விட்டுரு.

இப்ப சோம்பலுக்கு வாரேன். நீ சோம்பேறின்னு உன் அண்ணன் சொல்லுதான். அவன் சொல்லலாமா? ஞாயித்துக்கிழமை அவனைக் கட்டில்ல இருந்து எழுப்ப முனிசிபாலிட்டி ஆளு வரணும். இந்த நோயில வர்ற அசதி வேற. சோம்பேறி வேலையைப் பார்த்துப் படுப்பான். நீ வேலையே பார்க்காம, காலையில பல் விளக்கி முடிக்கிறதுக்குள்ள தளர்ந்து உக்காருத. சோம்பலைத் திட்டினா ஓடிரும். அசதியைத் திட்டினா கூடத்தான் செய்யும். ஆனா ஏட்டி, நீயும் கள்ளிதான். உண்மையான அசதி ஒண்ணு, அதோட நிழல்ல ஒட்டிக்கிட்டு வர்ற சோம்பல் ஒண்ணு. ரெண்டையும் பிரிக்க என்கிட்ட ஒரு தந்திரம் இருக்கு. ரெண்டே ரெண்டு நிமிசம் செய்யி. நாற்காலியில உக்காந்து எந்திரி, மெதுவா. ரெண்டு நிமிசத்துல உடம்பு இன்னும் சோர்ந்தா அது அசதி, போய்ப் படு, ஒருத்தனும் கேக்கமாட்டான். கொஞ்சம் தெளிஞ்சா வந்தது சோம்பல், இன்னும் அஞ்சு நிமிசம் செய்யி. எப்படிப் போனாலும் அன்னைக்குக் கணக்குல ரெண்டு நிமிசம் விழுந்துருச்சு பாரு. அதுக்குத்தான் இந்தக் கள்ளத்தனம்.

முடியாத நாள் உனக்கு எதிரின்னு நினைக்க. இல்ல தாயி. நல்ல நாள்தான் எதிரி. உடம்பு லேசா இருக்குன்னு ஒரு நாள் வரும். அன்னைக்கு நீ துணி துவைப்ப, அலமாரியை ஒதுக்குவ, ஒரு மணி நேரம் நடப்ப, சாயங்காலம் சேடா நகர் முருகன் கோயிலுக்கும் போய் 108 படியை ஏறிட்டு வந்து எனக்குப் போன்ல படம் அனுப்புவ. மறுநாள்ல இருந்து மூணு நாள் படுக்கை. நாலாம் நாள் "எக்சர்சைஸ் எனக்கு ஒத்துக்கல தாத்தா." ஒத்துக்காதது எக்சர்சைஸ் இல்ல, உன் பேராசை. முருகன் எங்கயும் போயிறமாட்டார். கீழ நின்னு கும்பிட்டாலும் அவருக்குத் தெரியும், மயில் வச்சிருக்கவருக்குப் படி ஏற முடியாதவுக கஷ்டம் தெரியாமலா இருக்கும்?

எவரெஸ்ட் ஏறினவளும் இருக்கா, அதையும் சொல்லிருதேன், பின்னால நீயே எங்கயாவது படிச்சுட்டு வந்து என் வாயை அடைப்ப. லோரி ஷ்னைடர்னு ஒரு அமெரிக்க டீச்சர். 1999ல இதே நோய்னு சொன்னாங்க. 2009 மே 23ம் தேதி உச்சியில போய் நின்னா. அதுக்கு நாலு நாள் கழிச்சுத்தான் முதல் உலக எம்.எஸ். தினமே வந்துச்சு. நல்லது, அவளுக்கு ஒரு சல்யூட். நீ அவ படத்தை சுவத்துல ஒட்டாத. ஒட்டினா தினமும் அதைப் பார்த்துட்டு, நம்மால சமையல் மேடையைத் தாண்ட முடியலையேன்னு அழுவ. இந்த நோய் ஆளுக்கு ஆள் வேற. ஒருத்திக்குக் கண்ணு, ஒருத்திக்குக் காலு, ஒருத்திக்கு மூத்திரப்பை. அடுத்தவ அளவு உனக்குச் சட்டையாகாது.

அந்தக் கடிகாரம் பத்தாயிரம் அடி கேக்குதாமே? எவன் கேட்டான்? 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுத கருவி வித்துச்சு, அதுக்கு வச்ச பேர்ல இருந்த எண்ணிக்கை அது. வியாபாரி வச்ச கணக்கை உன் நரம்பு மதிக்கணுமா? ராத்திரி பத்து மணிக்கு இன்னும் எண்ணூறு அடி பாக்கின்னு ஹால்ல குறுக்கும் நெடுக்கும் தள்ளாடிக்கிட்டு நடக்கியே, கீழ் வீட்டுக்காரர் சொசைட்டியில புகார் கொடுக்கப் போறார். உன் ஆளுகளுக்குன்னே வச்ச கணக்கு இருக்கு. கனடாக்காரங்க 2013ல சொன்னாங்க: லேசா, நடுத்தரமா பாதிப்பு இருக்கவுகளுக்கு வாரத்துல ரெண்டு தடவை, ஒரு தடவைக்கு 30 நிமிசம், பேச முடியணும், பாட முடியக் கூடாதுங்கிற வேகத்துல. அதோட வாரத்துல ரெண்டு தடவை தசைக்குப் பலம் ஏத்துதது. அவ்வளவுதான். 2020ல அமெரிக்காக்காரங்க வாரத்துக்கு 150 நிமிசம்னு ஏத்தினாங்க. ஆனா அதுல வீட்டு வேலை, நடையெல்லாம் சேரும், மெதுவா படிப்படியா ஏறணும், முடிஞ்ச அளவுன்னும் சேர்த்துத்தான் சொன்னாங்க. நீ பின்பாதியைப் படிக்கவே இல்ல.

சூட்டுக்கு மறுபடி வாரேன், ஏன்னா நம்ம இருக்குத ஊரு பம்பாய். இங்க வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளைக் கொல்லுது. வேர்வை வடியும், காயாது. காயாத வேர்வை உடம்பைக் குளிர்விக்காது. மே மாசத்துலயும் அக்டோபர்லயும் பகல் பதினொரு மணிக்கு நீ ஷூ மாட்டுதேன்னு வை, அன்னைக்கு நான் வாசல்ல குறுக்கே படுத்துருவேன். விடியக்காலையில செய்யி. முடியலைன்னா ராத்திரி ஃபேனுக்கு அடியில செய்யி. கழுத்துல ஈரத்துண்டு போட்டுக்கோ. முன்னாடி பச்சைத் தண்ணியில குளி. நடுவுல நடுவுல சில்லுத் தண்ணி குடி.

ஆமா, சில்லுத் தண்ணிதான். எனக்கும் நம்ப முடியல. உங்க ஆச்சி இருந்திருந்தா ஃபிரிஜ்ஜைப் பூட்டிச் சாவியை முந்தானையில முடிஞ்சிருப்பா. சிட்னியில இந்த நோய்க்காரங்களை 30 டிகிரி வெக்கையில சைக்கிள் மிதிக்க விட்டு, கொஞ்சம் கொஞ்சமா ஐஸ் தண்ணி குடிக்கக் குடுத்துப் பார்த்திருக்காக. உடம்புச் சூட்டு அளவுத் தண்ணி குடிச்சப்போ மிதிச்சதை விட ஐஸ் தண்ணி குடிச்சப்போ கூட நேரம் மிதிச்சாகளாம். சளி பிடிக்கும்னு உங்க அம்மை சொன்னா, சிட்னிக்கு லெட்டர் போடச் சொல்லு.

தண்ணின்னதும் இன்னொண்ணு. இதைத் தாத்தன் சொல்லக் கூடாது, ஆனா யாரும் சொல்லாம இருக்கதால நானே சொல்லுதேன். நீ நடக்கப் போகாததுக்கு நிசமான காரணம் காலு இல்ல. அவசரமா போகணும்னு வந்துருமேங்கிற பயம். இந்த நோயில அது சகஜம். அதுக்காக நீ காலையில இருந்து தண்ணியே குடிக்காம இருக்க. தண்ணி குறைஞ்சா சூடு ஏறும், சூடு ஏறினா கால் இழுக்கும், கால் இழுத்தா எக்சர்சைஸ் ஒத்துக்கல. கக்கூஸ் இருக்க இடமாப் பார்த்து நட. டைமண்ட் கார்டன் பெரிசா அழகா இருந்தா என்ன, உனக்கு வேண்டியது சிறுசா, வீட்டுக்குப் பக்கத்துல, கதவுல தாழ்ப்பாள் இருக்க இடம். நம்ம கட்டடத்தைச் சுத்தி நடந்தாலே போதும். டாக்டர்கிட்டயும் வெக்கப்படாம சொல்லு, அதுக்கும் மருந்து இருக்கு, பயிற்சியும் இருக்கு.

வெக்கம்னதும் அந்தக் குச்சி ஞாபகம் வருது. பிசியோ மேடம் சொல்லி வாங்கினோமே, மடக்குற குச்சி. பையிலயே மடங்கிக் கிடக்கு. குச்சி பிடிச்சா கிழவின்னு நினைப்பாகளாம். குச்சி இல்லாம ரோட்டுல தள்ளாடினா என்ன நினைப்பாக தெரியுமா? நம்ம தெருமுனை ஒயின் ஷாப்பு வழியா வர்றவுகளைப் பத்தி என்ன நினைப்பாகளோ அதைத்தான். குச்சியே கௌரவம் போ. இன்னொண்ணும் கேளு. 2016ல வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகையில இந்த நோயையும் பேர் சொல்லிச் சேர்த்திருக்காக. நாப்பது சதவீதமோ அதுக்கு மேலயோ பாதிப்புன்னு சர்ட்டிபிகேட் கிடைச்சா சலுகை உண்டு. லோக்கல் வண்டியில மாற்றுத்திறனாளிகளுக்கான தனிப் பெட்டியில ஏறினா, "பார்க்க நல்லாத்தானே இருக்கே"ன்னு நாலு பேர் முறைப்பான். சர்ட்டிபிகேட்டை எல்லாருக்கும் நீட்ட முடியாது. குச்சியை நீட்டலாம். உக்கார இடம் கிடைச்சா மிச்சமாகுத பலத்தை வீட்டுக்கு வந்து எக்சர்சைஸ்ல போடு.

நம்ம ஏரியா உனக்குச் சாக்கு குடுக்குத விசயத்துல பம்பாயிலேயே நம்பர் ஒன். பக்ரீத் வந்தா ஊர்ல உள்ள அத்தனை ஆடும் தேவ்நார் சந்தைக்குத்தான் வரும், லட்சத்துக்கு மேல. ரோட்டுல ஆடு நடக்கும், உனக்கு நடக்க இடம் இருக்காது. அதே தேவ்நார் குப்பைமேட்டுல தீப் பிடிச்சா புகை. 2016 ஜனவரியில பிடிச்ச தீயில பள்ளிக்கூடத்தையே மூடினாங்களே. ஜூன் பிறந்தா மழை, மாடிப்படியெல்லாம் வழுக்கல், சமநிலை சரியில்லாத உனக்கு அதுல நடக்கிறது ஆகவே ஆகாது. அப்புறம் கணபதி, தாண்டியா, தீபாவளிப் புகை. எண்ணிப் பார்த்தா வருசத்துல வெளியே நடக்கத் தோதான நாள் கொஞ்சம்தான். அதனால வெளியே நடக்கிறதை நம்பிக் கட்டுன திட்டம் எல்லாம் நம்ம ஊர்ல விழும். வீட்டுக்குள்ள செய்யக் கூடியதை முதல்ல வச்சுக்கோ, வெளிநடை கிடைச்சா கூடுதல்.

சமையல் மேடையை ரெண்டு கையால பிடி. குதிங்காலைத் தூக்கு, இறக்கு. அங்கேயே நின்னு ஒவ்வொரு முட்டியா மடக்கித் தூக்கு. பின்னால ஒரு நாற்காலி கிடக்கட்டும், தள்ளாடினா உக்காந்துக்கலாம். உக்காந்து எந்திரிக்கதுதான் எல்லாத்துலயும் ராஜா, அதை விடாத. ரப்பர் பட்டையை ஜன்னல் கம்பியில கட்டாத, போன தடவை கம்பி கையோட வந்துச்சு. இறுக்கமான காலை மெதுவா நீட்டிப் பிடி, வெடுக்குன்னு இழுக்காத. எத்தனை தடவை, எவ்வளவு கனம்னு பிசியோ மேடம் உன்னைப் பார்த்துச் சொல்லுவாக. என்கிட்ட கேக்காத. நான் டோக்கன் கூப்பிட்டவன்தான். ஆனா நேரம் நான் சொல்லுவேன்: குக்கர் மூணு விசில் அடிக்குத வரைக்கும். உனக்குப் பிடிக்காத வேலை ஒண்ணை, எப்படியும் நடந்தே தீருத வேலை ஒண்ணோட முடிச்சுப் போட்டுரணும். சோறு இல்லாம இந்த வீட்டுல ஒரு நாள் ஓடாது, அதனால எக்சர்சைஸும் ஓடும். விசில் அடிச்சதும் நிறுத்து. இன்னும் ரெண்டு செய்யலாம்னு தோணும். தோணட்டும், அந்த ஆசையோடயே நிறுத்து, அதுதான் நாளைக்கு உன்னை மேடைக்கு இழுத்துட்டு வரும்.

சரி, விட்டுப் போகுத கதைக்கு வருவோம். விட்டுப் போகும். இந்த நோய் அப்படி. என்னைக்காவது திரும்பத் தாக்கும், ஆசுபத்திரியில மூணு நாள் அஞ்சு நாள் ஸ்டீராய்டு ஊசி ஏத்துவாக, வீட்டுக்கு வர்றப்போ உடம்பு பஞ்சா இருக்கும். அப்ப ஓய்வுதான், வீரம் வேண்டாம். ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கோ. எக்சர்சைஸ் முடிச்சு, உடம்பு குளிர்ந்து, அரை மணி ஒரு மணியில தெளிஞ்சா அது சூட்டு விளையாட்டு. புதுசா ஒரு தொந்தரவு வந்து, காய்ச்சல் எதுவும் இல்லாம 24 மணி நேரத்தைத் தாண்டி நிக்குதுன்னா டாக்டருக்குப் போன் போடு. காய்ச்சல் இருந்தாலும் போன் போடு, அது வேற கணக்கு. மறுநாளும் அசதி போகலைன்னா நேத்து செஞ்சது கூடிப் போச்சுன்னு அர்த்தம், பாதியாக் குறை. குறைச்சுக்கோன்னுதான் சொல்லுதேன், நிறுத்தச் சொல்லல.

தாக்குதல் முடிஞ்சு டாக்டர் சரின்னதும், விட்ட இடத்துல இருந்து ஆரம்பிக்காத. முதல் முதல்ல எங்க ஆரம்பிச்சியோ அதுக்கும் கீழ ஆரம்பி. இங்கதான் நீ சண்டித்தனம் பண்ணுவ. "அப்ப இருபது தடவை எந்திரிச்சேனே தாத்தா, இப்ப அஞ்சா"ன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு, அஞ்சும் செய்யாம, நல்லாத் தெளிஞ்ச பிறகு வர்ற திங்கக்கிழமைன்னு தள்ளுவ. இந்தத் திங்கக்கிழமையை யார் உனக்குக் கத்துக் குடுத்தா? 1976ல எமர்ஜென்சியில எங்க ஜனதா காலனியை இடிச்சுத் தள்ளி, அணு ஆராய்ச்சி மையத்துக்காக எங்களை சீத்தா கேம்ப்புல கொண்டு போய்ப் போட்டாங்க. சகதியும் சாக்கும்தான். உங்க ஆச்சி பஞ்சாங்கம் பார்க்கல. வந்து இறங்கின சாயங்காலமே மூணு கல்லை வச்சு உலை ஏத்தினா. வெந்தது அரை வேக்காடுதான், வாயில வைக்க முடியல. ஆனா மறுநாள் அந்தக் கல்லு அங்க இருந்துச்சு பாரு. புதன்கிழமை மத்தியானம் ஆரம்பி. அமாவாசையில ஆரம்பி. உடம்பு நல்லா இல்லாத நாள்ல ஒரே ஒரு தடவை எந்திரிச்சு உக்காரு.

காலண்டர்ல செஞ்ச நாளுக்கு வட்டம் போடுதியே, அதையும் மாத்து. விட்ட நாளு வெள்ளையாத் தெரிஞ்சு உன்னை மிரட்டுது. விட்டுட்டுத் திரும்ப வந்த நாளுக்கு மட்டும் சிவப்புப் புள்ளி வை. வருசக் கடைசியில அந்தப் புள்ளி ஜாஸ்தியா இருந்தா நான் உன்னைப் பாராட்டுவேன், குறைஞ்சா கொஞ்சம் பாராட்டுவேன். ரெண்டுலயும் நீ தோக்க வழியில்ல, நான்தான் ஜெயிக்க முடியாது.

தனியாச் செஞ்சு சலிச்சா நம்ம ஊர்லயே ஆள் இருக்காக. மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியான்னு 1985ல இதே பம்பாயில தொடங்கினது. அங்க வர்றவுககிட்ட நீ "அசதி"ன்னு சொன்னா, முருங்கைக்கீரைன்னு யாரும் சொல்லமாட்டாக. ஒரே நோய்க்காரி ரெண்டு பேர் போன்ல வீடியோ போட்டு ஒண்ணாக் குதிங்காலைத் தூக்கினா, ஒருத்தி விட்டாலும் இன்னொருத்தி வெக்கத்துக்கு வருவா. உன் அண்ணனைத் துணைக்குக் கூப்பிடாத. அவன் கோச் ஆயிருவான். விசிலும் குச்சியும் வச்சுக்கிட்டு நிப்பான். உனக்கு வேண்டியது வேலை வாங்குதவன் இல்ல, கூடச் சேர்ந்து முனங்குதவ.

இல்ல, நான்தான் கூட உக்காருவேன்னா சரி, வாரேன். நாளைக்குக் காலையில குக்கர் வைக்கிறப்போ கூப்பிடு. நீ மேடையைப் பிடிச்சு நில்லு, நான் ஸ்டூல்ல உக்காந்து எண்ணுதேன். எண்ணுததுல என்னை மிஞ்ச ஆள் இல்ல, அத்தனை வருசம் டோக்கன் கூப்பிட்டிருக்கேன். ஏழுக்கப்புறம் ஒன்பதுன்னு ஒரு தடவை கூடச் சொல்லமாட்டேன். ஆனா இதெல்லாம் நான் சொன்னேன்னு உங்க அம்மைகிட்ட போய் உளறிறாத. முட்டி வலின்னு மூணு வருசமாத் தப்பிச்சுக்கிட்டு வாரேன். தெரிஞ்சா அவ ரெண்டாவது நாற்காலியும் கொண்டாந்து போட்டுருவா.